கம்பிக்குப் போன ரெகுலேட்டர்

போன வாரம் கடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், சாப்பிடாமலே வெளியே நடந்துகொண்டிருந்தேன். மண்டபத்தின் பின்பக்கம் யாரோ பழைய தெர்மாகோலைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறினால் எனக்குச் சோறு இறங்காது. கோபம்தான் வரும்.

2008இல் சிதம்பரத்தில் ஒரு மேடை அலங்காரக் கடையில் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், பெண் மாப்பிள்ளை பெயர்களைப் பிழையில்லாமல் தெர்மாகோலில் வெட்டினேன் என்றால் நம்புவீர்களா? கத்தி கிடையாது. கரண்ட் ஸ்டவ் காயிலில் ஒரு துண்டை நிமிர்த்தி மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருப்போம். கரண்ட் பாய்ந்ததும் கம்பி சூடேறும், தெர்மாகோல் சத்தமில்லாமல் வழிவிடும். கம்பி ரொம்பச் சிவந்தால் தெர்மாகோல் உருகி ஒழுகிவிடும். அதனால் முதலாளி, நாங்கள் வெட்டும் அறையிலிருந்த ஃபேனின் ரெகுலேட்டரைக் கழற்றிக் கம்பிக்குக் கொடுத்துவிட்டார். ஃபேன் தலைக்கு மேலே சும்மா தொங்கியது. காற்றுப் பட்டால் கம்பி ஆறிவிடுமென்று ஜன்னலையும் அடைத்துவிட்டார்; வெட்டும் புகை அறைக்குள்ளேயே நின்றது.

எதிரே உட்கார்ந்து வெட்டியவன் ஆரோக்கியம். உறவு ஒன்றுமில்லை, ஆனாலும் மச்சான்தான். அவனுக்கு வீசிங். மூச்சு இழுக்கும்போது விசில் கேட்கும். "என்ன மச்சான், பஸ் கெளம்பிடுச்சா?" என்று கேலி செய்வேன். இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதை முதலாளியிடம் நான்தான் சொன்னேன்.

"செம்மங்குப்பத்துல கெமிக்கல் கம்பெனிப் பொகைக்குள்ள பொறந்தவனுக்கு இந்தப் பொகை என்னடா பண்ணும்? காத்து ஜாஸ்தி வேணும்னா பீச்சுக்குப் போவச் சொல்லு."

ஒரு மதியம் ஆரோக்கியத்தின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினான். ரெகுலேட்டர் இல்லாமலே ஃபேனின் இரண்டு ஒயரையும் முறுக்கி சுவிட்சைப் போட்டேன். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அவன் வெட்டிக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் ஆறிய கம்பியில் சிக்கிப் பிய்ந்தது. ஜன்னலைத் திறந்து அவனை அங்கே உட்காரவைத்தேன். மூச்சு மெல்லத் திரும்பியது.

முதலாளி உள்ளே வந்தார். "எவன்டா ஃபேன் போட்டது?"

ஆரோக்கியம் முந்திக்கொண்டான். "நான் கேக்கல மொதலாளி. அவன்தான் போட்டான்."

அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், எனக்கு யாருமில்லை. இது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு வருஷம் கழித்து அவன் செத்துப்போனான். புகையால்தான் என்று யாரும் சொல்லவில்லை. நான் சாவுக்குப் போகவில்லை. பெயர்களை இப்போது கம்ப்யூட்டர் வெட்டுகிறது. அந்தக் கடை இருந்த இடத்தில் ஏசி போட்ட செல்போன் கடை.

அன்றைக்குச் சிதம்பரம் கடையிலிருந்து கிளம்பியவன், மறுநாள் காலையில் காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். பருப்புப் பாக்கெட்டுக்கு சீல் வைக்க வேண்டும். சீல் மிஷினில் சூடு தாங்கும் துணிக்கு அடியில் பார்த்தால் அதே கம்பி. நிமிர்ந்து பார்த்தேன். ஃபேன் இருந்தது, ரெகுலேட்டரும் இருந்தது. சுவிட்சில் கை வைத்தேன்.

"யப்பா, அதப் போடாத. பருப்புத் தோலு பறக்கும்," என்றார் மேஸ்திரி.

கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.