யாரும் வாங்கிக்கொள்ளாத குழாய்

அலெக்சாண்டிரியாவில், கடலைப் பார்த்த ஒரு மருத்துவமனையில் மயக்க மருத்துவம் பயின்றுவந்த வஜீஹுக்கு, நோயாளிகள் உறக்கத்துள் நழுவும் கணத்தின்மீது தனி மோகம் இருந்தது. மருந்து ஏற்றுமுன், மனத்துக்குப் பிடித்த இடம் எது என்று காதோரம் விசாரிப்பான். ஒருவர் ரஷீத் நகருக்கு அருகிலுள்ள பேரீச்சந்தோப்பைச் சொல்வார். இன்னொருத்தி, மணமாகுமுன் குளித்த கடலைச் சொல்வாள். அவர்கள் இமை மூடியபின்னும் அவன் அந்த நிழலிலோ அலையிலோ நின்றுகொண்டிருப்பான். தொண்டைக்குள் மூச்சுக்குழாயை இறக்கவேண்டிய கை அந்தரத்தில் நிற்கும்.

"விடு ஹபீபி, களைச்சுப்போயிருக்க. நான் பாத்துக்கறேன்" என்று மூத்தவர் ஒருவர் குழாயை வாங்கி இறக்கிவிடுவார். அத்துறையின் வழக்கம் அது. ஊரார் பெற்ற பிள்ளையின் முகத்தை வாடவைப்பானேன் என்று முதுகில் ஒரு தட்டு, பிறகு புதினா போட்ட தேநீர். மூன்றாண்டுகள் இப்படியே கரைந்தன.

ஆகையால், தன்னைப் பயிற்சியிலிருந்து நீக்கக் குழு கூடியிருக்கிறது என்றபோது அவனுக்கு எதுவும் பிடிபடவில்லை. குழாய் இறக்குவதில் தன் கை பின்தங்கியிருப்பது அவனுக்குத் தெரியுமா என்று துறைத்தலைவி இன்ஷிராஹ் கேட்டார்.

"யாரும் சொல்லலையே டாக்டர். கையிலேர்ந்து வாங்கினப்பல்லாம் பாசம்னுதான் நெனச்சேன்."

குழுவினர் தத்தம் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டார்கள். சொல்லாத குறைக்கு ஒருவனை வெளியேற்றுவது நியாயமன்று என்றார் இன்ஷிராஹ். ஆறு மாதத் தவணை தரப்பட்டது. குறையை அன்றன்றே முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். நோயாளிக்கு ஆபத்து நேர்ந்தாலொழிய எவரும் குழாயை வாங்கக் கூடாது.

சொன்னார்கள். முதலில் சுட்டது, பிறகு பழகியது. கை சற்றே தேறியது. மனம் மட்டும் உறங்குபவர்களின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. தவணையின் கடைசி வாரம், ஒரு மீனவர் கண்ணயர்ந்ததும் கை மீண்டும் நின்றது. இன்ஷிராஹ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "வஜீஹ், குழாய்" என்றார். அவன் விழித்து, தானாகவே அதை நீட்டினான்.

"நீங்களே இறக்குங்க டாக்டர். இது என்னால ஆகாது."

அவர் இறக்கினார். அறுவை முடிந்து நடைக்கூடத்துக்கு வந்தபோது முதுகில் தட்டவில்லை.

"இந்தத் துறை ஒனக்கு இல்லப்பா. நாளைக்குக் குழுவுல நானே சொல்றேன்."

சன்னல் வழியே வந்த நீலம் தரையெங்கும் அசைந்தது. அவன் அதில் கால் வைத்து நின்றான்.

"மூணு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்" என்றார் இன்ஷிராஹ்.