எந்த லாங்குவேஜ் படித்தால் அம்மா வருவார்?

கணினி வகுப்பு நடத்துகிறவனும் சாத்திரக்காரரும் ஏறக்குறைய ஒரே தொழில்தான் செய்கிறோம்; என்ன, அவர் சொன்னது பலிக்கவில்லை என்று தெரிய வெகுகாலம் ஆகும், நான் சொன்னது அடுத்த வருஷமே தெரிந்துவிடும். "எந்த லாங்குவேஜ் படிச்சா வேலை கிடைக்கும்?" என்ற கேள்விக்குத் தப்பியவர்கள் எங்களில் யாரும் இல்லை. ஏதோ ஒரு சந்தியில் மேல்மாடி அறையும் பழைய கணினிகளுமாகக் காலம் தள்ளும் நண்பர்களே, என் வகுப்பு இருக்கும் உப்புக்குளத்தில் நான் அதற்குப் பதில் சொன்ன லட்சணத்தைக் கேளுங்கள். சிரிக்கலாம் என்று நினைத்து வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். எனக்கே சிரிப்பு வரவில்லை.

அந்தோனியார் எடுத்த முடிவு

பக்கத்துக் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டிலிருந்து சூசைப்பிள்ளை தன் மகள் ஜெசிந்தாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் கடலுக்குப் போகிறவர். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். நான் கணினி மொழிகள் பற்றிய வழக்கமான பிரசங்கத்தை எடுத்துவிட்டேன்: ஜாவா படித்தால் பெரிய கம்பனி, பீஎச்பீ படித்தால் இணையத்தளம், பைதன் இனிமேல் வரப்போவது. கடைசியில், நீங்களும் சொல்லியிருப்பீர்களே, அதையும் சொன்னேன்: "இதுக்கு ஊர் முக்கியமில்லை. இன்டர்நெட் இருந்தால் வீட்டில இருந்தே செய்யலாம்." எதைப் படிப்பது என்று மட்டும் அடித்துச் சொல்லவில்லை. யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

மறுநாள் வந்தார்கள். யார் யோசித்தது என்று கேட்டேன். மூன்று பெயரையும் ஜெசிந்தா துண்டுக் காகிதங்களில் எழுதியிருக்கிறாள். வீட்டில் இருந்த அந்தோனியார் சுருவத்தின் முன் மெழுகுதிரி கொளுத்தி, கும்பிட்டு, துண்டுகளைக் குலுக்கிப் போட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொண்டு ஒன்றை எடுப்பித்திருக்கிறார்கள். ஜாவா வந்திருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். சூசைப்பிள்ளை கோபிக்கவில்லை. "கரைவலையை ஆர் முதல் கடலில வளைக்கிறது எண்டதையே சீட்டுப் போட்டு அந்தோனியாரிட்டத்தான் கேக்கிறம் சேர். இதை மட்டும் எங்கட புத்தியில விடேலுமே?"

வெள்ளிக்கிழமைக் குரல்

சில வாரம் கழித்து வட்சப்பில் ஒரு வெளிநாட்டு அழைப்பு. ஜெசிந்தாவின் அம்மா, ஞானம்மா. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. மகள் சின்னப் பிள்ளையாகக் கோயிலில் முதல் நன்மை எடுத்த வருஷம் போனவர். இடையில் லீவில் வந்து போனதைத் தவிர அங்கேயேதான். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் வெளியே போகிற நேரத்தில்தான் பேச முடியும் என்றார். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினார்.

மகளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் தான் வந்துவிடலாம் என்பதுதான் அவர் கணக்கு. சூசைப்பிள்ளை வீட்டில் இத்தனை காலம் ஒருவருக்கொருவர் கொடுத்திருந்த வாக்கும் அதுதான். எனக்கு அதுவரை தெரியாது. ஒரு பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். "ஜாவா முடிய எவ்வளவு காலம் போகும் சேர்? வீட்டுக்கார மடம் அடுத்த அக்ரிமென்டுக்குக் கையெழுத்துக் கேக்கிறா. நான் என்ன சொல்ல?"

எஞ்சின் போடாத காலை

ஜெசிந்தா கெட்டிக்காரி. ஜாவாவை அரைத்துக் குடித்துவிட்டாள். கொழும்புக் கம்பனி ஒன்று போனில் நேர்முகம் வைத்தது. அவள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது; கரையில் கருவாடு காயப்போடும் இடத்தில்தான் கொஞ்சம் ஏறும். நானும் துணைக்குப் போனேன். போனால், வள்ளங்கள் எல்லாம் கடலுக்குப் போகாமல் நிற்கின்றன. எஞ்சின் சத்தத்தில் பிள்ளைக்குக் கேள்வி விளங்காமல் போய்விடும் என்று சூசைப்பிள்ளை எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். வலையை மடியில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டுப் போட்டபடி வந்த ஒரு மோட்டார் சைக்கிளைக் கையைக் காட்டி நிறுத்தி, தள்ளிக்கொண்டு போக வைத்தார்கள்.

அவள் நன்றாகத்தான் பதில் சொன்னாள். கடைசியில் அந்தப் பக்கம், தாங்கள் இப்போது பைதனுக்கு மாறிக்கொண்டிருப்பதாகவும் ஜாவாவுக்கு ஆட்கள் போதும் என்றும் மரியாதையாகச் சொன்னார்கள். அவள் முகத்தைப் பார்த்தே கரைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அன்று கடலுக்குப் போக அருமையான நாள். கடல் தகடுபோலக் கிடந்தது. அவளுடைய சித்தப்பா வலையை உதறிக்கொண்டு எழும்பினார். "அதை விடு பிள்ளை. இண்டைக்குக் கடலும் சரியில்லை. எப்பிடியும் நாங்கள் போயிருக்க மாட்டம்."

இரண்டாம் சீட்டு இல்லை

இனி பைதன்தானா, திரும்பக் குலுக்கிப் பார்க்கிறீர்களா என்று சூசைப்பிள்ளையிடம் கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன். அவர் பதறிப்போனார். விழுந்த சீட்டை மறுபடி குலுக்குவது கரையில் இல்லாத பழக்கமாம். அப்படிச் செய்தால் மற்றவன் முறையைப் பறித்த மாதிரியாம். ஆகவே இம்முறை பாரம் என் தலையில் விழுந்தது. பைதன் என்றேன். அந்தோனியாரே சறுக்கிய இடத்தில் நான் எம்மாத்திரம்?

வெள்ளிக்கிழமை ஞானம்மா எடுத்தார். புதிதாக ஒன்று தொடங்க வேண்டும், இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும் என்றேன். தண்ணீர் ஓடுவது நின்றது. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரி சேர். அப்ப நான் கையெழுத்துப் போடுறன்."

நிஸார் கேட்டது

எங்கள் வகுப்பில் டைப்பிங் படிப்பிக்கும் நிஸார் முசலி ஊர்க்காரர். அதிகம் பேசமாட்டார். அன்று பின்னேரம் நான் பைதனைப் பற்றி ஜெசிந்தாவுக்கு உற்சாகமூட்டிக்கொண்டிருந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போனபிறகு கதிரைகளை அடுக்கிக்கொண்டே வாயைத் திறந்தார். "சேர், இஞ்ச படிச்ச பிள்ளையள்ல வீட்டில இருந்து வேலை செய்யிற ஒரு ஆளைக் காட்டுங்கோ பாப்பம்."

பேரீச்சம்பழம்

பைதன் பலித்தது. ஜெசிந்தாவுக்கு வேலை கிடைத்தது. ஆனால் கொழும்பில், கம்பனிக் கந்தோருக்கு நேரில் வரவேண்டும், உடனே வரவேண்டும் என்றார்கள். மகளுக்கு வேலை சரி என்று கேட்டதுமே ஞானம்மா அடுத்த கையெழுத்துப் போட மாட்டேன் என்று மடத்திடம் சொல்லிவிட்டார். டிக்கெட் கிடைத்து அவர் வந்து இறங்குவதற்குள் மகள் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விமான நிலையத்துக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே தங்கும் அறைக்குத் திரும்பினாளாம். லீவு கேட்க இன்னும் காலம் வரவில்லை.

ஞானம்மா ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வகுப்புக்கு வந்தார். அன்றுதான் அவரை நேரில் பார்க்கிறேன். குழாய்ச் சத்தம் இல்லாமல் அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. ஜெசிந்தா எந்தக் கதிரையில் இருந்து படித்தாள் என்று கேட்டார். காட்டினேன். அதில் உட்கார்ந்து, அணைந்து கிடந்த கணினியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவரைவிட உயரமாம். படத்தில் அது தெரியவில்லையாம். அப்புறம் என் பக்கம் திரும்பி, குற்றம் சொல்லும் குரலில் இல்லாமல், ஒரு விவரம் கேட்பது போலக் கேட்டார். "வீட்டில இருந்தே செய்யலாம் எண்டு நீங்கள் சொன்னதாப் பிள்ளை சொன்னவள். அது எந்த லாங்குவேஜ் சேர்? எவ்வளவு காலம் போனாலும் பரவாயில்லை, அதையும் அவளுக்குப் படிப்பிச்சு விடுங்கோ."

சாத்திரக்காரரிடம் போயிருந்தால் ஒரு பரிகாரமாவது சொல்லி அனுப்பியிருப்பார். என்னிடம் இருந்தது அடுத்த பிரிவுக்கான வகுப்பு நேரசூசி மட்டும்தான்.