பத்துமலை எதையும் பார்க்கவில்லை

ஈப்போவில் வயர்மேன்களுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. இருந்தாலும் 1982 வாக்கில், சிம்பாங் பூலாய் போகிற சாலையோரத் தாமான் குடியிருப்புகளில், தமிழர் வீட்டில் பியூஸ் போனால் முதலில் ஆள் விட்டது பத்துமலைக்குத்தான். அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். வேகத்தில் எல்லாருமே அவரைவிட மேல். அவரைக் கூப்பிட ஒரே ஒரு காரணம்தான்: அவர் எதையும் பார்க்க மாட்டார்.

வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் பொதுவாக இரண்டு கண்ணோடு வருவார்கள். பைப் பழுது பார்க்க வந்தவர் பைப்பைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுப் போவார். மறுநாள் பாசாரில், நம் வீட்டு மெத்தையில் எந்த இடத்தில் ஓட்டை என்று மீன்காரர் நமக்கே சொல்லுவார். பத்துமலையிடம் அந்தப் பயம் இல்லை. வாசலில் நின்று மூன்று முறை இருமுவார். "வாரேன்க்கா" என்பார். உள்ளே காலை வைத்ததும் முகத்தைத் தூக்கிச் சிலிங்கைப் பார்த்தபடியே நடப்பார். இதனால் அவருடைய முழங்காலில் ஈப்போவிலுள்ள எல்லா வகை நாற்காலியின் தழும்பும் இருந்தது. பதினெட்டு வயதுப் பெண்ணும் அவருக்கு அக்காதான், எண்பது வயதும் அக்காதான். யாருக்கு என்ன வயது என்று பார்த்தால்தானே வேறு மாதிரி கூப்பிட முடியும்.

கருவிப் பையில் துவைத்து மடித்த இரண்டு வெள்ளைப் போர்வைகள் எப்போதும் இருக்கும். படுக்கையறைக்குள் போவதற்கு முன்னால் அவற்றை எடுத்து நீட்டுவார்.

"நான் பாக்கக்கூடாத சாமான் ஏதும் இருந்தா மூடிடுங்கக்கா. வெளிய நிக்கிறேன்."

மூடுவார்கள். சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் வாங்கிய டிவி, மனைவிக்கு மட்டும் தெரிந்த பாட்டில், கணக்கெழுதும் ஒரு கிராணியின் வீட்டில், அவர் கழற்றி வைத்த தலைமுடி. அந்த வெள்ளை மேடுகளுக்கு நடுவே அவர் ஏணி வைத்து ஏறுவார், வேலையை முடிப்பார், இறங்கிப் போய்விடுவார்.

அவர் பிறந்தது சுங்காய்க்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையிலிருந்த பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது; ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். துரைக்குப் பலகை மிச்சம். அப்படிப்பட்ட இடத்தில் மனிதர்கள் வெட்டிக்கொள்ளாமல் வாழ ஒரே வழி இருந்தது. சுவருக்கு மேலாகக் காதில் விழுந்ததற்குப் பதில் சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் "உப்பு எங்க?" என்று பெண்டாட்டியிடம் கத்துவார். உப்பு அடுப்புக்குப் பின்னால் இருப்பது மொத்த லயத்துக்கும் தெரியும். பெண்டாட்டி குழாயடிக்குப் போயிருப்பதும் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர் உப்பில்லாமல் சாப்பிடுவார். பத்துமலை இந்தப் படிப்பை முழுதாக முடித்துவிட்டுத்தான் ஈப்போவுக்கு வந்து வயர் வேலை கற்றுக்கொண்டார்.

அந்த வருடம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வீரம்மா வீட்டுப் படுக்கையறையில் வயர் கருகியது. வீரம்மாவின் கணவர் சின்னையா அப்போது சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் இருந்தார். ஜூனில் அவரை வழியனுப்பியதைத் தாமான் மறக்கவில்லை. சுங்காய்த் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த அண்ணன் அப்பாவு புதுப் பெட்டி வாங்கிக் கொடுத்து, இரண்டு சேவல் அடித்து, "என் தம்பி சிங்கப்பூரு" என்று மரத்துக்கு மரம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பத்துமலை இருமினார், போர்வைகளைக் கொடுத்தார், வெளியே நின்றார். அன்று இருபது நிமிடம் நின்றார். உள்ளே நாற்காலி இழுபட்டது. கடைசியில் வீரம்மா "வாங்கண்ணே" என்றாள்.

அறையின் மூலையில் ஒரு நாற்காலி, அதன்மேல் ஒரு சாமான், அதன்மேல் வெள்ளைப் போர்வை. பத்துமலை முகத்தைத் தூக்கிக்கொண்டு ஏணியை நட்டார். சுவிட்சைக் கழற்றினார். சுவரைக் கொத்தினார். தூசி பறந்தது. அரை மணி நேரம் கழித்து அந்தச் சாமான் தும்மியது.

"தூசி ஜாஸ்திக்கா," என்றார் பத்துமலை, சிலிங்கைப் பார்த்து. "ஜன்னலத் தொறந்து வைங்க."

"சரிண்ணே," என்றாள் வீரம்மா. மூடிய சாமானும் கொஞ்சம் தலையாட்டியது.

மத்தியானம் அவருக்கு அடுக்களையில் சோறு போட்டாள். இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"நீங்க ஒண்ணுமே கேக்கலியேண்ணே."

"இல்லக்கா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

கேட்காத மனிதரிடம் எதையும் சொல்லாமல் இருப்பது கஷ்டம். வீரம்மா சொல்லிவிட்டாள். சின்னையாவைப் பட்டறையில் கப்பலுக்குச் சாயம் அடிக்க ஏற்றியிருக்கிறார்கள். ஏறியதும் வாந்தி. தினமும் வாந்தி. கப்பல் தண்ணீரிலேயே இல்லை, தரையில் முட்டுக் கொடுத்து நின்றது. ஒன்பதாம் நாள் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு சேவல் சாப்பிட்ட ஊருக்கு எந்த முகத்தோடு வருவது? பின்பக்கச் சந்து வழியாக வந்து அறைக்குள் புகுந்தவர்தான். தீபாவளிக்கு முதல் நாள் பின்பக்கமாகப் போய், டாக்ஸி பிடித்து, பெட்டியோடு முன்பக்கமாக வருவதாக ஏற்பாடு.

"இன்னும் ஒரு மாசந்தாண்ணே. அதுவரைக்கும் வெளிய தெரியக்கூடாது. அவரு மானம்."

"நான் எதையும் பாக்கலக்கா," என்றார் பத்துமலை. சாம்பார் நன்றாக இருந்தது என்றும் சொன்னார்.

வீடு முழுக்க வயர் மாற்ற வேண்டியிருந்தது. நாலு நாள் வேலை. இரண்டாம் நாள் மாலை, பக்கத்து வீட்டு மாரியம்மா வேலியோரம் அவரை நிறுத்தினாள்.

"தம்பி, உள்ள யாரு?"

"வயருக்கா."

"வயரு மத்தியானம் கொறட்ட விடுமா?"

"பழைய வயரு எல்லாச் சத்தமும் போடும்க்கா."

"ரெண்டு மாசமா நானும் கேக்குறேன் லா. புருசன் சிங்கப்பூருல, இங்க கொறட்ட. கொடியில கைலி வேற. நீங்க பாத்திருப்பீங்க."

"பாக்கலக்கா."

மாரியம்மா அதற்குள் சுங்காய்க்கு, அப்பாவுவுக்குக் கடிதம் போட்டிருந்தாள். அஞ்சலட்டையில் எழுதியிருந்தாள், வழியில் தபால்காரரும் படித்துக்கொள்ளட்டும் என்ற நல்ல மனது.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குக் குடையும் கையுமாக அப்பாவு வந்து இறங்கினார். அவர் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், மாரியம்மாவும் கூடத்துக்குள் வந்து நின்றாள். பத்துமலை கூடத்துச் சுவிட்சை மாட்டிக்கொண்டிருந்தார். ஏணி படுக்கையறையில் இருந்தது, சிலிங்கில் அவர் திறந்து வைத்திருந்த சதுர ஓட்டைக்கு நேர் கீழே. படுக்கையறைக் கதவு மூடியிருந்தது.

"தொற," என்றார் அப்பாவு.

"வயர் வேலை நடக்குது பெரிய மாமா. ஷாக் அடிக்கும்," என்றாள் வீரம்மா.

"வயர்காரன் இங்க நிக்கிறான். உள்ள யாரு வேலை பாக்குறது?"

அப்பாவு பத்துமலை பக்கம் திரும்பினார்.

"டேய், நீ நம்ம தோட்டத்து இஞ்சின் கொட்டாய் ராமையா மகன்தானே?"

"ஆமாண்ணே."

"ஒன்ன நம்பி ஈப்போவே கதவத் தொறந்து வைக்குது. நீ பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். நாலு நாளா உள்ள இருந்திருக்க. ஆம்பள இருக்கானா, இல்லையா? இருந்தா இன்னிக்கே இவள அப்பன் வீட்டுக்கு பஸ் ஏத்திடுவேன். என் தம்பி அங்க வெய்யில்ல வேகுறான்."

வீரம்மா பத்துமலையைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். பஸ் ஏறினாலும் பரவாயில்லை என்றும் அதற்கு அர்த்தம்.

"நான் பாக்கலண்ணே," என்றார் பத்துமலை.

"கேட்டீங்களா!" என்றாள் மாரியம்மா. "ஆளு இல்லன்னா இல்லன்னுதானே சொல்லுவாரு? பாக்கலங்குறாரு. அப்ப இருக்கான்!"

இருபது வருடமாக அவருக்குச் சோறு போட்ட வாக்கியம், அன்று ஒரு பெண்ணுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அப்பாவு குடையைச் சுவரில் சாத்தினார். "துணிமணிய எடுத்து வை," என்றார். கதவுப் பிடியில் கையை வைத்தார்.

அப்போது தலைக்கு மேலே ஏதோ கிறீச்சிட்டது.

தாமான் வீடுகளைக் கட்டியவர் லயத்தைப் பார்த்துத்தான் கட்டியிருக்க வேண்டும். இங்கேயும் நடுச்சுவர் சிலிங்கோடு நின்றுவிடும். அதற்கு மேலே வரிசையில் எட்டு வீட்டுக்கும் ஒரே கூரை, ஒரே இருட்டு. அதைப் பத்துமலை அறிவார். சின்னையாவும் நாற்காலியில் உட்கார்ந்தே நாலு நாளில் அறிந்துகொண்டிருந்தார். கிறீச்சிட்ட இடத்திலிருந்து ஒரு குரல், தனக்குத்தானே பேசுவதுபோல, ஆனால் கூடத்துக்கே கேட்கும்படி முனகியது:

"ஐயோ, கால எங்க வைக்கிறது?"

கால் எங்கே வைப்பது என்று அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். வலது பக்கம் கட்டை. இடது பக்கம் மெல்லிய சிலிங் தகடு, அதற்குக் கீழே மாரியம்மாவின் கூடம். பேசாமல் இருந்தால் அந்த மனிதர் விழலாம். விழாமல் கடைசி வீடு வரைக்கும் தவழ்ந்து தப்பித்தும் போகலாம். போனால் வீரம்மா பஸ் ஏறுவாள்.

பத்துமலை முகத்தைத் தூக்கினார். அவர் முகம் எப்போதும் தூக்கியபடிதான் இருக்கும். அன்றுதான் முதல்முறையாக அதில் பார்வை இருந்தது.

"சின்னையா அண்ணே!" என்று கத்தினார். "வலது பக்கம், கட்டமேல வைங்க! எடது பக்கம் மாரியம்மா அக்கா வீடு!"

சின்னையாவுக்கு வலது எது, இடது எது என்பதில் சின்ன வயதிலிருந்தே தகராறு உண்டு. பக்கத்து வீட்டில் தகடு உடையும் சத்தம் கேட்டது.

எல்லாரும் அங்கே ஓடினார்கள். மாரியம்மாவின் சிலிங்கிலிருந்து, விளக்குக்குப் பக்கத்தில், முழங்கால் வரைக்கும் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வயரும் அறுந்து தொங்கியது. அப்பாவு ஒரு நாற்காலியில் ஏறி, அந்தக் காலின் சுண்டுவிரலைப் பிடித்துப் பார்த்தார். விரல் பாதிதான் இருந்தது. மீதியைச் சின்ன வயதில் மண்வெட்டியால் எடுத்தவர் அவர்தான்.

"எப்படா வந்த?"

"ஜூன்லயேண்ணே," என்றது சிலிங்.

"போனதே ஜூன்லதானடா?"

"ஆமாண்ணே."

அப்பாவு விரலை விடவில்லை.

"சாப்டியா?"

"வீரம்மா போட்டுச்சு."

அவர் நாற்காலியிலிருந்து இறங்கி வீரம்மாவைப் பார்த்தார். "கோப்பி போடு," என்றார். மண்டோர் வேலையில் இருப்பவர் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான் என்று வீரம்மாவுக்குத் தெரியும். போட்டாள். சர்க்கரை மட்டும் போடவில்லை. அவரும் கேட்காமல் குடித்தார்.

சின்னையாவுக்குச் சிங்கப்பூர் சின்னையா என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒரு வாரம் வெட்கப்பட்டார். பிறகு சிம்பாங் பூலாய்ப் பக்கம் கல் மலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாந்தி வரவில்லை.

பத்துமலைக்குத்தான் கஷ்டம் வந்தது. ஒருவர் வீட்டுச் சிலிங்குக்குள் இருந்த ஆளை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்ட செய்தி தாமான் தாமானாகப் போயிற்று. மூன்று வாரம் யாரும் ஆள் விடவில்லை. பியூஸ் போன வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டார்கள். அவர் போர்வைகளைத் துவைத்தார், மடித்தார், மறுபடியும் துவைத்தார்.

நாலாவது வாரம் முதல் ஆளாக ஒருவர் கூப்பிட்டார். மாரியம்மா. கூடத்து விளக்கு வயர் அன்று அறுந்தது அறுந்தபடியே கிடந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அவர் வாசலில் நின்று மூன்று முறை இருமினார். போர்வைகளை நீட்டினார். மாரியம்மா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே சாமான் இழுபடும் சத்தம் கேட்டது. கால் மணி நேரம் கழித்துக் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.

"அண்ணே," என்றாள் மாரியம்மா. அவரைவிடப் பதினோரு வயது மூத்தவள்; அதுவரைக்கும் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தாள். "நீங்க எதையும் பாக்க மாட்டீங்கதானே?"

"பாக்க மாட்டேன்க்கா."

"துணி பத்தல. இன்னும் இருக்கா?"

பத்துமலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். இன்னும் நாலு போர்வை கொண்டுவந்து கொடுத்தார். திரும்பி நின்று, முகத்தைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் காத்திருந்தார்.