கறுப்பு வில்லை

மகள் போன வாரம் இணையத்தில் ஒரு தொலைநோக்கி வாங்கினாள். பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பர் வாடை வந்தது. “சூரியனப் பார்க்கமாட்டேன்னு சொல்லு” என்றேன், மூன்று முறை. “ரிலேக்ஸ் லா, ப்பா. அதுலயே போட்டிருக்கு.”

என்னுடையதில் அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை. எழுபதுகளின் கடைசி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு துணிக்கடை வேலைக்குப் போய், பழைய சாமான் கடையொன்றில் அதை வாங்கினேன். இந்த ஊர் ஈரத்தில் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். அதனால் பிஸ்கட் டின்னில் அடுப்புக்கரி போட்டு, லென்ஸுகளை அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பேன். பத்து வயதுத் தங்கை வசந்தி தினமும் கெஞ்சுவாள். “கை வைக்காத, ரேகை படும்!” நகைக்கடைக்காரர்கூட அப்படிக் காவல் காத்திருக்கமாட்டார்.

ஒரு நாள் சூரிய கிரகணம். வாசலில் அகலத் தட்டில் மஞ்சள் கரைத்து வைத்து, அதில் விழும் சூரியனைக் குனிந்து பார்ப்பது எங்கள் வரிசை வீடுகளில் வழக்கம். அம்மா கரைத்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா, சூரியன சாம்பார்ல போடுறீங்களா?”

அக்கம்பக்கமே சிரித்தது. “ரெண்டெழுத்து படிச்சிட்டான்ல, திமிரு” என்றார் அம்மா.

தொலைநோக்கியோடு கறுப்புக் கண்ணாடி வில்லை ஒன்று வந்திருந்தது. கண் வைக்கும் இடத்தில் திருகினால் சூரியனையே பார்க்கலாமாம். எல்லார் முன்னாலும் அம்மாவை ஜெயிக்க வேண்டும் எனக்கு. தட்டருகே குனிந்திருந்தவளைக் கூப்பிட்டேன். “வசந்தி, இங்க வா. நெசத்தப் பாரு.” அவளால் நம்ப முடியவில்லை. ரேகை படக்கூடாதென்று பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து கண்ணை வைத்தாள்.

டப்பென்று ஒரு சத்தம். குவிந்த வெயிலின் சூட்டில் வில்லை வெடித்துவிட்டது.

“அண்ணே, ஒரே வெள்ளையா இருக்குண்ணே.”

நான் முதலில் தொலைநோக்கியைத்தான் தூக்கினேன். பெரிய லென்ஸில் கீறல் விழுந்துவிட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிறகுதான் அவளைப் பார்த்தேன். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது, திரும்பாது என்றார் டாக்டர்.

குவார்ட்டர்ஸை எப்போதோ இடித்துவிட்டார்கள். ஊரெல்லாம் வருத்தப்பட்டது. எனக்கு நிம்மதி, அந்த வாசலைக் கடக்க வேண்டியதில்லை. வசந்தி இப்போது கிள்ளானில் இருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு என்னிடம் எதையுமே கேட்டதில்லை. தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதும், “வேல இருந்தா பரவால்லண்ணே” என்றுதான் சொன்னாள்.