பஸ்ஸுல பேசின வக்கீல் குரல்

எனக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு தான். கடுதாசி போட்டா எவன்கிட்டயாவது குடுத்துப் படிக்கச் சொல்லுவேன், விஷயம் வெளில போயிடும்னு எங்க வக்கீலு எது சொன்னாலும் போன்ல பேசிப் பதிவு பண்ணி அனுப்புவாரு. கடலூர்லேர்ந்து சிதம்பரம் கோர்ட்டுக்கு வரவரு. அவுரு ஆபீசுக்குப் போனா டீ வரும், சக்கரை ஜாஸ்தி.

கேசு கெணத்துக்காக. பிச்சாவரம் போற வழில எங்க கொல்லை நெலம். பாதி எனக்கு, பாதி தங்கச்சிக்கு. பாகம் பிரிச்சப்ப கெணறு ரெண்டு பேருக்கும் பொதுன்னு ஒரு பேப்பர்ல கைநாட்டு வெச்சோம். அவுங்க பேப்பரு வெள்ளத்துல போயிடுச்சி. என்னுது டிரங்குப் பொட்டில இருக்குது. கெணறு என்னுது தான்னு நான் சாதிச்சேன். வக்கீலுகிட்ட மட்டும் உண்மைய சொன்னேன்.

"நீங்க சொன்னது என்னோட போச்சி"ன்னாரு.

ஒரு வாய்தா முடிஞ்சி ஊருக்கு பஸ்ஸேறினேன். அந்த ரூட்டுக்கு அது ஒண்ணு தான், அதுவும் எப்ப வரும்னு சொல்ல முடியாது. எனக்குத் திருவிழா வெடி வெடிச்சதுலேர்ந்து எடது காது மந்தம். அதனால வக்கீலு அனுப்புனத சத்தமா வெச்சி, புரியாம மூணு வாட்டி கேட்டேன். "பொட்டில இருக்கிற பேப்பரக் கிழிச்சிடாதீங்க, தப்பு. பேசாம தங்கச்சியோட சமாதானமாப் போயிடுங்க."

அடுத்த வாய்தால தங்கச்சியோட வக்கீலு எழுந்து கேக்குறான், "பெரியவரே, டிரங்குப் பொட்டில என்ன வெச்சிருக்கீங்க?"

கோர்ட்டு வாசல்லயே எங்க வக்கீல நாறடிச்சேன். "என்னை வித்துட்டியே!"

"நான் சொல்லலைங்க." அவ்ளோ தான் சொன்னாரு.

வேற வக்கீலு வெச்சேன். பேப்பரு வெளில வந்துச்சி, கெணறு பொதுன்னு தீர்ப்பாச்சி. தங்கச்சி அதோட பேச்ச வுட்டுட்டா.

போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தில தங்கச்சி புருஷன் பக்கத்துல ஒக்காந்தான். சாம்பாரப் பெசைஞ்சிகிட்டே, "மச்சான், இன்னும் அந்த வக்கீலத் தான் திட்டுறியாமே? எனக்குப் போட்டுக் காட்டுனது நீ தானே? அன்னிக்கி பஸ்ஸுல உனக்குப் பின் சீட்டுல தான் ஒக்காந்திருந்தேன். மூணாவது வாட்டி கேக்கறப்ப எனக்கே மனப்பாடம்!"

பாதி சாப்பாட்டுல எலைய மடிச்சிட்டு எழுந்தேன்.

மறுநாளே கடலூருக்கு அந்தப் பழைய வக்கீலு ஆபீசுக்குப் போனேன். ஒக்காருங்கன்னாரு. நடந்தத சொல்ல வாயெடுத்தேன். கையக் காட்டி நிறுத்துனாரு.

"அந்தக் கேசப் பத்தி உங்க வக்கீலுகிட்ட தாங்க பேசணும்."

டீ வரல.