பேச மட்டும் வரச்சொன்ன டாக்டரம்மா

மருந்து எழுதித் தந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். ஊசி போட்டிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டிருப்பேன். அந்த டாக்டரம்மாவோ என் குழந்தைக்கு அம்மை குத்திவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை நீ மட்டும் வா. பேசணும்" என்றார். டாக்டரோடு பேச என்ன இருக்கிறது? நாக்கை நீட்டு, மூச்சை இழு, போய் வா. அதுதானே டாக்டர் பேச்சு?

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அது. எனக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். செஞ்சியில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டு, வருஷக்கணக்கில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, அதற்கப்புறம் பிறந்த பெண் குழந்தை. பார்க்கிறவர்களெல்லாம் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் அவளைத் தூக்கவே பயந்தேன்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று சொல்ல முடியாமல்தான் செத்துச் செத்துப் பிழைத்தேன். எங்கள் கொல்லையில் ஒரு கிணறு, கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். ஒருநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் சேந்தப் போனேன். 'இவளை உள்ளே போட்டுவிடுவேனோ' என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எனக்குக் கோபமுமில்லை, அழுகையுமில்லை. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. வாளியை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

அன்றிலிருந்து அது என்னை விடவில்லை. அரிவாள்மணையைப் பார்த்தாலும் வரும், உலை கொதித்தாலும் வரும். பால் கொடுக்க மட்டும் குழந்தையை வாங்கிக்கொள்வேன். அதுவும் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான். பால் குடித்து முடித்ததும் நெருப்பைத் திருப்பிக் கொடுப்பதுபோல் கொடுத்துவிடுவேன்.

"பெத்தவளுக்குப் புள்ள பாரமாப் போச்சா?" என்பார் மாமியார். "ஊருல எத்தினி பேரு புள்ள இல்லன்னு அழுவுறாங்க. உனுக்கு இன்னாடி வந்துச்சு?"

என்ன வந்தது என்று சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் பிறந்த வீட்டுக்கு விரட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. இரண்டில் ஒன்று நிச்சயம் என்று நம்பினேன். மாதா கோயில் சாமியாரிடமாவது சொல்லிவிடலாம் என்று, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் இருக்க, இந்தப் பக்கம் முழங்கால் போட்டு, பொய் சொன்னேன், பூசைக்கு வரவில்லை, மாமியாரை மனசுக்குள் திட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். இதற்கு மட்டும் வாய் வரவில்லை. ஒரு பாவத்தை மறைத்தால் சொன்ன மற்றவையும் செல்லாது என்று சின்ன வயசில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆக, அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

டாக்டரம்மா கூப்பிட்டதை வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அந்தம்மா சண்டையப்ப மிலிட்டரி ஆஸ்பத்திரில இருந்தவங்களாம்" என்றார். "குண்டுச் சத்தத்துல தூக்கம் போன சிப்பாய்ங்களை உக்கார வெச்சுப் பேச வெச்சே தேத்துவாங்களாம். மண்டில சொல்லிக்கினாங்க. போயிட்டுதான் வாயேன்."

"நான் இன்னா சிப்பாயா?"

"நீ சிரிச்சு எத்தினி நாளாச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தனியாக அனுப்ப மாட்டேன் என்று மாமியாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்து, ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மேசை. டாக்டரம்மா கதவைச் சாத்தினார். சாத்திய அறைக்குள் ஒருவரிடம் மனசில் உள்ளதைச் சொல்வதென்றால் எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். சிலுவை போட்டுக்கொண்டு பொத்தென்று முழங்காலில் விழுந்தேன். "பாவியாயிருக்கிற என்னை ஆசீர்வதியும் சுவாமி" என்று ஆரம்பித்தும்விட்டேன்.

"ஐயையோ, எழுந்திரும்மா! நான் சாமியார் இல்லை!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால், எதிரே முழு முகம்! தடுப்பு இல்லை, இருட்டு இல்லை, ஒளிய இடமில்லை. அவர் ஒன்றும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சொல்லணும்?" என்றேன்.

"உனக்கு எது தோணுதோ அது."

தோன்றுவதைச் சொல்ல முடிந்தால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன்! மாமியாரைப் பற்றிச் சொன்னேன், ரேஷன் அரிசியின் கல்லைப் பற்றிச் சொன்னேன், இடுப்பு வலியைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று நடுவில் விசாரித்தார். புத்தி சொல்லவில்லை, திட்டவுமில்லை. நேரம் முடிந்தது என்றார்.

"அபராதம் இன்னாங்க?" என்று கேட்டேன். பாவத்தைச் சொன்னவருக்குச் சாமியார் அபராதமாக இத்தனை மந்திரம் சொல் என்பார். சொல்லி முடித்தால் பாரம் இறங்கிவிடும்.

"அபராதமெல்லாம் இல்லை. அடுத்த புதன்கிழமை வா. இங்கே பேசுறது இந்த அறையோட சரி. உன் வீட்டுக்காரர் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசிப் பேச்சை நான் நம்பவில்லை. எப்படி நம்புவது? செஞ்சிக் கடைத்தெருவில் தும்மினால் கோட்டைவாசலில் 'நூறாயுசு' என்பார்கள். வீட்டுக்கு வர வர எனக்கு ஆத்திரம்தான் பொங்கியது. வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து போய், கொண்டுபோன பாரத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவருவதற்கு ஒரு டாக்டரா?

இருந்தாலும் அடுத்த புதன்கிழமை போனேன். போகும்போதே ஒரு யோசனை செய்து வைத்திருந்தேன். அந்தம்மா வாய் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட வேண்டும். ஒரு பெரிய பொய்யாகச் சொன்னேன். "தபசு காலத்துல ஊரே கவுச்சி தொடாம இருக்கறப்ப, எங்க அத்தை ஒளிச்சு வெச்சு உப்புக்கண்டம் சுட்டுத் தின்றாங்க." இது மட்டும் வெளியே வந்தால் எங்கள் வீட்டில் இன்னொரு உலகச் சண்டை மூளும். அப்படி மூண்டால் அந்தம்மாவிடம் எதையும் சொல்லக்கூடாது என்று தெரிந்துவிடும்.

அந்த வாரம் மாமியார் வாயைத் திறக்கும்போதெல்லாம் கை வேலையை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தேன். உப்பு என்று அவர் கேட்டால்கூடத் திடுக்கிட்டேன். மூன்றாம் புதன்கிழமை காலையில் அவரே பேச்சை எடுத்தார்.

"ஏண்டி, என்னப் பத்தி அந்தம்மாகிட்ட இன்னா சொன்ன?"

"ஏன் அத்தே?"

"போன வாரம் நானே நைசா கேட்டுப் பாத்தேன். ஒரு வார்த்தை வெளிய வரணுமே! உங்க மருமவளையே கேளுங்கன்னு சொல்லிட்டுப் போவுது. இன்னா பொம்பளையோ!"

அன்று உள்ளே போய் உட்கார்ந்ததும், யோசித்தால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்து, கண்ணை மூடிக்கொண்டேன்.

"கெணத்தாண்ட போனா, பாப்பாவை உள்ள போட்ருவேனோன்னு தோணுதுங்க."

சொன்ன உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். பொத்தி என்ன புண்ணியம்? இவ்வளவு நாள் காப்பாற்றியதை நானே கெடுத்துக்கொண்டேனே!

டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை. "போடணும்னு ஆசை வருதா, போட்டுடுவோமோன்னு பயம் வருதா?"

"ஐயோ, பயங்க! என் உசுரே அவதான்!"

"போடுன்னு யாராவது சொல்ற மாதிரி குரல் கேக்குதா?"

"இல்லீங்க."

"நீ செத்துப் போயிடலாம்னு?"

"நான் செத்தா அவளை யாரு பாப்பாங்க?"

"அந்த நினைப்பு வந்தா என்ன பண்றே?"

கிணற்றுப் பக்கம் போவதை நிறுத்தியது, அரிவாள்மணையைப் பரணில் போட்டது, குழந்தையை மாமியாரிடமே விட்டுவைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "இதே பயத்தோட வந்த தாய்மாரை இதுக்கு முன்னாடியும் பார்த்திருக்கேன்" என்றார். உலகத்தில் நான் ஒருத்திதான் இப்படி என்று இருந்தவள் நான். வெட்கம் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

அழுது முடிக்கும்வரை இருந்துவிட்டு அவர் எழுந்து கதவைத் திறந்தார். "குழந்தையை இப்படிக் குடுங்க" என்று மாமியாரிடம் கேட்பது காதில் விழுந்தது. போச்சு, பிடுங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். பேசவைத்து ஏமாற்றிவிட்டாளே படுபாவி!

குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"வேணாங்க" என்றேன். "அத்தை இங்க இல்ல."

"தெரியும். பக்கத்து ரூம்ல ஒரு கட்டுப் பிரிக்கணும். முடிச்சுட்டு வரேன்."

"மேசைமேல கத்திரிக்கோல் இருக்குதுங்க!"

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

மகளும் நானும் கத்தரிக்கோலும்தான் அந்த அறையில். எத்தனை மாசத்துக்கப்புறம் நாங்கள் தனியாக இருந்தோம்! வியர்வையில் ரவிக்கை நனைந்துவிட்டது. நினைப்பு வந்தது, வராமல் இருக்குமா? வந்தது, நின்றது, மறுபடி வந்தது. குழந்தை என் தாலிச் சரட்டைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். வேறு வழி தெரியாமல் அவளைத் தட்டிக்கொடுத்தேன். தட்டத் தட்டக் கண் சொருகினாள்.

டாக்டரம்மா திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"நினைப்பு வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"குழந்தை என்ன பண்றா?"

குனிந்து பார்த்தேன். "தூங்குறா."

"சரி. இது ஒரே நாள்ல போறதில்லை. அடுத்த புதன்கிழமையும் வா."

வெளியே வந்ததும் மாமியார் வழக்கம்போல் இரண்டு கையையும் நீட்டினார். "குடு இங்க."

நினைப்பு வந்துகொண்டுதான் இருந்தது; அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"தூக்கம் கலைஞ்சிடும் அத்தே. நானே தூக்கினு வரேன்."