ஆயிரம் வாட் பாசம்

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று யாராவது சொன்னாலே இப்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. என் சைக்கிளுக்கு மோட்டார் வைக்கப் போய், அந்த ஒரு பேச்சால் லாரிக்கு முன்னால் விழுந்து எழுந்தவள் நான். விழுந்ததைக்கூட விட்டுவிடலாம். விழ வைத்தவர்கள் அத்தனை பேரும் என் மேல் உயிரையே வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்கள். அதைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் லப்பைக்குடிக்காட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் சார்ஜாவில் இருக்கிறார். எனக்கு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் அங்கன்வாடி டீச்சர் வேலை. பருத்திக் காட்டுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் களை வெட்டப் போகிற பெண்கள், பிள்ளையை என்னிடம் விட்டால்தான் அன்றைக்குக் கூலிக்குப் போக முடியும். நான் பிந்தினால் அவர்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூட்டின கதவைப் பார்த்து நிற்பார்கள். காலை பஸ் நின்றுபோன பிறகு சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தேன். பிறகு முட்டி போனது. "மிதிக்கிறதைக் குறைங்கம்மா, இல்லேன்னா ஆபரேஷன்தான்" என்று பெரம்பலூர் எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கூட்டர் வாங்கலாமே என்று ஊரே கேட்டது. சின்ன வயதில் அம்மை போட்டதில் எனக்கு வலது கண் பார்வை போய்விட்டது. இடது கண்ணுக்குத் தடித்த கண்ணாடி. லைசென்ஸ் சான்றிதழில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். இரண்டு தடவை சூப்பர்வைசர் அம்மா வந்தபோது நான் சென்டரில் இல்லை. மூன்றாவது தடவையும் இல்லாவிட்டால் வேலைக்கே வேட்டு.

மிச்சம் இருந்தது ஒரே வழி. சைக்கிளில் சின்னதாக ஒரு மோட்டார். இருநூற்றைம்பது வாட்டுக்குள், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டாம். இதை நானே தேடிப் படித்து, வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "சின்னதாப் போதுங்க" என்று மூன்று தடவை சொன்னேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் காதில் சின்னது என்ற வார்த்தை மட்டும் ஏறாது. அரபு நாட்டிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர் பெட்டியில் பாதி அடுத்தவர் சாமான்தான். ஆள் வசம் கொடுத்துவிடுவது என்று சொல்வோம். பெட்டியைப் பிரிக்கும்போது அக்கம்பக்கமெல்லாம் கூடி நிற்கும். அந்த இடத்தில் தன் பெயர் எழுதின சாமான் சின்னதாக இருந்தால் அனுப்பினவருக்குக் கௌரவக் குறைச்சல். வாங்குகிறவள் வந்ததைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும். "இது எனக்கு ஆகாது" என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் அவ்வளவுதான், ஏழு தெருவுக்கு அவள்தான் பேச்சு.

அப்படித்தான் மோட்டார் வந்தது. ஆயிரம் வாட். நாற்பத்தெட்டு வோல்ட். சக்கரத்தின் நடுவில் பொருத்துகிற, பெரிய பானை அளவு இரும்பு. என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்துவிட்டது. அதைக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்தவர், "மாஷா அல்லாஹ், மலையே ஏறும்மா" என்றார். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நானும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அடுத்து குவைத்திலிருந்து என் அண்ணன். தங்கச்சிக்கு மச்சான் மோட்டார் அனுப்பிவிட்டார், நாம் சும்மா இருக்கலாமா? மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற கண்ட்ரோலரை அவர் வேறோர் ஆள் வசம் கொடுத்துவிட்டார். அதுவும் இருப்பதிலேயே பெரிசு. மோட்டார் கேட்பதைப் போல ஒன்றரை மடங்கு கரண்ட் தள்ளும். பேட்டரியை மட்டும் விமானத்தில் விடமாட்டார்கள். அதனால் அந்தப் பொறுப்பை என் கொழுந்தன் எடுத்துக்கொண்டார். அரியலூரில் சிமென்ட் ஆலையில் எலக்ட்ரீஷியன் வேலை. அதனால் கரண்ட் சம்பந்தப்பட்ட எதையும் யாரிடமும் கேட்க மாட்டார். அவர் வாங்கினது முப்பத்தாறு வோல்ட் பேட்டரி. நல்ல பேட்டரிதான். ஆனால் மற்ற இரண்டும் நாற்பத்தெட்டு.

மூன்று பேர், மூன்று சாமான். மூன்று பேரும் தினமும் ஒருவருக்கொருவர் போனில் பேசுகிறவர்கள். பிரியாணி சாப்பிட்டது முதல் தலைவலி வரைக்கும் பேசுவார்கள். "நீ எத்தனை வோல்ட் வாங்கினே?" என்று ஒருத்தரும் ஒருத்தரைக் கேட்கவில்லை. என்னைக் கேட்பது என்ற பேச்சே இல்லை.

சைக்கிளைக் குட்டியானை வேனில் ஏற்றி அரியலூருக்குக் கொண்டு போனோம். கொழுந்தனுக்குத் தெரிந்த சைக்கிள் கடை. என்னுடையது சாதாரண லேடீஸ் சைக்கிள். அந்த மோட்டாரின் அச்சு, பின்சக்கரம் உட்காருகிற இடைவெளியை விட இரண்டு விரற்கடை அகலம். கடைக்காரர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொழுந்தனிடம் சொன்னார்:

"ஒண்ணும் பிரச்சனை இல்ல தம்பி. கம்பியை விட்டு நெம்பி விரிச்சிடலாம். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

"விரிச்சா வீக் ஆயிடாதாங்க?" என்று நான் கேட்டேன்.

"அண்ணி, நீங்க போயி நெழல்ல உக்காருங்க" என்றார் கொழுந்தன்.

போய் உட்கார்ந்தேன். இதுவும் என் தப்புதான். அங்கிருந்தே பார்த்தேன். அச்சு தடிமனாக இருந்ததால் அது உட்காருகிற வெட்டுப் பள்ளத்தில், காடியில், நுழையவில்லை. அரத்தை வைத்து ராவி ராவிக் காடியைப் பெரிதாக்கினார். மோட்டார் சுற்றும்போது அச்சு சேர்ந்து சுற்றாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புத் தகடு மோட்டாரோடு வந்திருந்தது. அது என் சைக்கிளில் எங்கேயும் பொருந்தவில்லை. அதைத் தூக்கி என் பையில் போட்டுவிட்டார்கள். "இது எக்ஸ்ட்ரா" என்றார் கடைக்காரர்.

முழு சார்ஜ் ஏற்றி, கடை வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் கொழுந்தன் ஓட்டிக் காட்டினார். வண்டி பிய்த்துக்கொண்டு போனது. அதை வீடியோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார். சார்ஜாவிலிருந்து மாஷா அல்லாஹ், குவைத்திலிருந்து மாஷா அல்லாஹ். எனக்கும் ஒரு வாழ்த்து வந்தது. கொடுத்துவைத்தவளாம்.

மறுநாள் ஆற்றங்கரை தாண்டுவதற்குள் வண்டி செத்துப்போனது. சைக்கிளோடு பானை மோட்டாரையும் சேர்த்து ஏழு கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு போனேன். சும்மா சைக்கிளே தேவலாம் என்று முட்டி கதறியது. சாயங்காலம் சார்ஜ் போட்டேன். மறுநாளும் அதே இடத்தில் நின்றது. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முப்பத்தாறு வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் நாற்பத்திரண்டு காட்டும். அண்ணன் அனுப்பின கண்ட்ரோலரோ நாற்பதுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி காலி என்று நினைத்து மோட்டாரை நிறுத்திவிடும். ஆக, என்னிடம் இருந்தது வீடியோ எடுக்க மட்டும் ஓடுகிற வண்டி.

கொழுந்தனுக்குப் போன் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். தப்பை ஒத்துக்கொள்ள வரவில்லை, அட்ஜஸ்ட் பண்ண வந்தார். ஒரு பழைய பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைக் கொண்டுவந்து சைக்கிள் கூடையில் வைத்து, இதோடு சேர்த்து வயரை முறுக்கி டேப் சுற்றினார். முப்பத்தாறும் பன்னிரண்டும் நாற்பத்தெட்டு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை கிளம்பினேன். ஆற்றங்கரையில் நிற்கவில்லை. மேட்டில் ஏறும்போது கைப்பிடியை லேசாகத்தான் திருகினேன். ஆயிரம் வாட்டும் ஒரே மூச்சில் வந்தது. ராவி மெலிந்த காடிக்குள் அச்சு கிறுகிறுவென்று சுற்றியது. வயர் அறுந்தது. பின்சக்கரம் தனியாகக் கழன்று போனது. நான் தார் ரோட்டில் கிடந்தேன். பின்னால் சுண்ணாம்புக் கல் ஏற்றிய டிப்பர் லாரி. அதன் பிரேக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டிரைவர் இறங்கி வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். "பெத்தவங்க செஞ்ச புண்ணியம்மா" என்றார். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. அன்றைக்கு என் சென்டர் வாசலில் பதினொரு பிள்ளைகள் தாய்மாரோடு காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

இனிதான் வேடிக்கை. ஒருத்தர்கூட "நான் வாங்கினது பொருந்தாது" என்று சொல்லவில்லை. கடைக்காரர், "சைக்கிள் பழசு" என்றார். கொழுந்தன், "மோட்டாரோட வேகம் ஓவர்" என்றார். அண்ணன், "அங்க பேட்டரி சரியில்ல" என்றார். வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?

"நீ பயந்துகிட்டு ஒரே திருகா திருகியிருப்ப."

கையில் கட்டோடு உட்கார்ந்து அதைக் கேட்டேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் மேல் எனக்கு அப்படி ஒரு வெறி வந்ததில்லை. போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. அதுவும் அவர் கொடுத்துவிட்ட போன்தான். எறிந்தால் இன்னும் பெரிதாக ஒன்று வரும் என்று விட்டுவிட்டேன்.

கை கட்டோடு லீவில் இருந்த நாட்களில் எல்லாவற்றையும் நானே படித்தேன். தமிழிலேயே வீடியோ போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு உயரம் அளக்கிற டேப்பையும் ஓர் இரும்பு ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய சைக்கிளின் பின்பக்கம் உடைந்தது உடைந்ததுதான். பக்கத்துத் தெருவில் ஒரு பெண், காலேஜ் போன பிறகு தொடாமல் போட்டிருந்த சைக்கிளை வாங்கினேன். முன்பக்கம் நல்ல கனத்த இரும்பு. சக்கரம் உட்காருகிற இடைவெளி, காடியின் அகலம், சக்கரத்தின் அளவு, பிரேக் எந்த வகை, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். பேட்டரியின் வயிற்றில் ஒட்டியிருந்த சீட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அது எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பதையும் எழுதினேன். பிறகு திருச்சியில் இந்த மாதிரி சாமான் விற்கிற ஒரு கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் என் நோட்டுக் கணக்கைக் கேட்கவே இல்லை. முதலில் வேறு கேட்டார்.

"டெய்லி எவ்ளோ தூரம்மா போவீங்க? வழியில மேடு இருக்குங்களா? நீங்க என்ன வெயிட்டு இருப்பீங்க?"

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. முகம் தெரியாத ஒரு கடைக்காரர் கேட்கிற கேள்வி. இதைக் கேட்க என் வீட்டில் ஓர் ஆள் இல்லை. "பதினெட்டு கிலோமீட்டர். ஒரு மேடு, ஆத்தைத் தாண்டி. எழுபத்தோரு கிலோ" என்றேன். அவர் யோசித்துவிட்டு, கையில் இருக்கிற பேட்டரியையே வைத்துக்கொள்ளலாம் என்றார். முப்பத்தாறு வோல்ட், இருநூற்றைம்பது வாட், முன்சக்கரத்து மோட்டார். அதற்கே உண்டான கண்ட்ரோலர். நோட்டிலிருந்த அளவுகளை அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அச்சைப் பிடிக்கிற தகடு இரண்டு பக்கமும் கட்டாயம் என்று அவரே சொன்னார்.

பார்சல் வந்ததும் எங்கள் தெருவில் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிற பாயைக் கூப்பிட்டேன். வந்தார். சக்கரத்தைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் கை தானாகச் சுத்தியலுக்குப் போனது.

"அதை வையுங்க பாய்" என்றேன். "தட்டித்தான் போவணும்னா அது என் வண்டிக்கு வேணாம்."

"சும்மா ஒரு தட்டுத்தானேம்மா."

"ஒரு தட்டும் வேணாம்."

முறைத்துக்கொண்டே சுத்தியலைப் பைக்குள் போட்டார். அச்சைத் தூக்கிக் காடியில் வைத்தார். போய் உட்கார்ந்துகொண்டது. தகடு இரண்டு பக்கமும் கச்சிதமாக நின்றது. பாய் என்னை நிமிர்ந்து பார்த்து, "அளந்து வாங்கினீங்களா?" என்றார். என் சைக்கிளைப் பற்றி என் முகத்தைப் பார்த்து ஒருத்தர் கேட்டது அப்போதுதான்.

இப்போது எட்டரைக்கெல்லாம் சென்டர் கதவு திறந்துவிடுகிறது. மேட்டில் நான் லேசாக மிதிக்கிறேன், மிச்சத்தை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. முட்டி வலி அடங்கியிருக்கிறது. களைக்குப் போகிற பெண்கள், "டீச்சர் வண்டி சத்தமே இல்லாம வருதே" என்று சிரிக்கிறார்கள்.

போன வாரம் நான் வண்டியில் வருவதைக் கொழுந்தன் வீடியோ எடுத்து, "அண்ணன் கொடுத்துவிட்ட மோட்டார்" என்று என் வீட்டுக்காரரைச் சொல்லி எழுதி குரூப்பில் போட்டிருந்தார். பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை காலையில், நான் கிளம்புகிற நேரத்துக்கு, வீட்டுக்காரர் போன் பண்ணினார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா? அன்னைக்கு என்னா கோவப்பட்ட. இப்ப எப்படி ஓடுது பாரு."

ஆயிரம் வாட்டைப் பற்றி, காடியைப் பற்றி, திருச்சிக் கடையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வேறு ஒன்று கேட்டேன்.

"ஏங்க, நான் வேலை பாக்குற ஊரு பேரு என்ன?"

"என்னா புள்ள, காலங்காத்தால?"

"சொல்லுங்க."

"தெரியாம என்ன? மெயின் ரோட்டுல இருந்து உள்ள போற ஊருதானே?" என்றார்.

எங்கள் ஜில்லாவில் எல்லா ஊரும் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஊர்தான். நான் அங்கே வேலைக்குப் போக ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. தினமும் போனில் பேசுகிறோம்.

"எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒரு மூணு, நாலு கிலோமீட்டர் இருக்குமா?"

"போவ ஒம்பது, வர ஒம்பதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.